காந்தம் ஒட்டாத இடம்

உச்சிப்புளி ரயில் கேட் அடைத்திருந்தது.
எஞ்சினை அணைத்துவிட்டு
கண்ணாடி வழியே கை நீட்டி
வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.
பின்னால் வந்த ஐஸ் லாரி நிற்கவில்லை.

ஓட்டியவர் பெயர் வழிவிட்டான்.
எழுதிக்கொண்ட ஏட்டு இரண்டு தடவை கேட்டார்.
அவரே சிரித்துவிட்டார், பிறகு அழுதார்.
சாலையெல்லாம் உடைந்த ஐஸ்
என் பின்கண்ணாடித் தூளோடு கலந்து கிடந்தது.
எது உருகும் எது உருகாது என்று
கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மதுரையில் நாற்பத்தொரு நாள் நின்றது வண்டி.
டிங்கரிங், பட்டி, அதே வெள்ளையில் பெயின்ட்.
பில்லை இன்சூரன்ஸ் கட்டியது.
ஒரு குறை சொல்ல முடியாது.
சொல்லவும் இல்லை நான்,
விற்கக் கொண்டுபோகும் வரை.

ராமநாதபுரம் பாரதி நகரில்
பழைய கார் வாங்கி விற்கிற சீனி நைனா
சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்தார்.
பிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மை, வாழைப்பழச் சீப்பு.
பானெட்டில் ஒட்டியது. நாலு கதவிலும் ஒட்டியது.
பின்பக்கம் இடதுமூலையில் வைத்துக் கையை எடுத்தார்.
சீப்பு மண்ணில் விழுந்தது.

"அடி வாங்குன வண்டிக்கா," என்றார்
ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல் மெதுவாக.
"அஞ்சேகால் போக வேண்டியது. இப்ப மூணேமுக்கா."

ஒன்றரை லட்சம்.
லாரிக்காரர் எடுத்துப் போகவில்லை,
மதுரை ஷெட்டில் கழற்றி வைக்கவில்லை,
என் பையிலும் இல்லை.

"ரிப்பேர்ச் செலவு வேற, மதிப்பு குறைஞ்சது வேற,"
என்றார் வக்கீல் பனிமய ஜெசிந்தா.
"லாரி கம்பெனிமேல கேக்கலாம்.
ஆனா நிரூபிக்கணும்."

நிரூபிக்கக் கிளம்பினேன்.
சீனி நைனாவிடம் ஒரு கடிதம்,
பரமக்குடியில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று.
இந்த வண்டி இவ்வளவு பெறாது என்று
முத்திரை குத்தி வாங்கி வந்தேன்.
மூன்றாவது கடிதம் வாங்கும்போது
மாவட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிட்டது.
மூணேமுக்காலுக்குக் கேட்ட ஆளும்
மூன்றுக்கு இறங்கிவிட்டார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.
வண்டி ஓடுதா?
ஓடுதுய்யா.
ஏசி?
குளிருது.
கதவு சாத்துதா?
சாத்துது.
இன்னைக்கு எதுல வந்தீங்க?
அதுலதான்.
அப்ப என்னம்மா நட்டம்?

பாம்பனில் விடியுமுன் மீன் ஏலம் எடுக்கிறவள் நான்.
கொக்கி குத்திய சீலாவும் குத்தாத சீலாவும்
குழம்பில் ஒரே ருசிதான், எனக்குத் தெரியும்.
அந்த ஒரு குத்துக்குக் கிலோவுக்கு அறுபது
குறைத்துத்தான் கேட்பேன், இருபது வருசமாய்.
என்மேல் ஒருத்தரும் மனுப் போட்டதில்லை.

அதையெல்லாம் சொல்லவில்லை.
"வாங்குறவங்க குடுக்க மாட்டேங்குறாங்கய்யா,"
என்றேன்.

மக்கள் நீதிமன்றத்தில் வைத்து
நாற்பதாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள்.
கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால்
வேப்பமரத்தடியில் வழிவிட்டான்,
கையில் மஞ்சள்பை,
எப்போதிருந்து நின்றாரோ.
"வண்டி நல்லாருக்காக்கா?"

மூன்று கடிதமும் என் கைப்பையில்தான் இருந்தன.
"நல்லாருக்கு," என்றேன்.
"ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிடுறேன்."
பின்சீட்டில், இடதுமூலையை ஒட்டி,
முதுகு சாயாமல் உட்கார்ந்து வந்தார்.

வண்டியை விற்கவில்லை.
நேற்று கழுவும்போது பார்த்தேன்:
முன்கதவின் அடியில், லாரி தொடாத பக்கம்,
பெயின்ட் ஒரு கொப்புளம் விட்டிருந்தது.
நகத்தால் அழுத்தினால்
ஈரமாய்ச் செம்பழுப்பாய் உதிர்ந்தது.
கச்சான் தொடங்கி பத்து நாளாகிறது,
துவைத்த துணியெல்லாம் உப்புக் கரிக்கிறது.
அதற்கு நம்பர் பிளேட்டும் கிடையாது,
பாலிசியும் கிடையாது.

உள்ளே போய்
பிரிட்ஜிலிருந்து மகளின் மீன்பொம்மைக் காந்தத்தை
எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன்.

இன்னும் ஒட்டுகிறது.